முடக்கிய கட்டம் பஸ்ஸில் பேசியது பற்றி

பெயர், முதல் தாளில் எழுதியுள்ளபடி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் யாரும் வீட்டைக் காட்ட மாட்டார்கள். மாடிப் பாட்டி என்று கேட்க வேண்டும். வயது எழுபத்தொன்பது. படிப்பு, மூன்றாம் வகுப்பில் பாதி. கணவர் காலமாகிவிட்டார். முகவரி, ஏழாம் நம்பர் பஸ் திரும்பும் முனையில் தையல்கடைக்கு மேல் மாடி. தொழில் என்ற இடத்தில் எழுதும் காவலர் ஒன்றுமில்லை என்று எழுதப் போனார். சலவை நிலையத்தில் போர்வை மடிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் என்று நான் சொன்ன பிறகு அடித்துத் திருத்தி எழுதினார்.

நான் மேற்படி முகவரியில் என் மகளுடனும் மகளின் மகளான பேத்தியுடனும் வசித்து வருகிறேன். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தச் சம்பவத்தில் அவளுக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை, வேலையைக் கெடுத்துக்கொண்டு அவளை இங்கே கூப்பிட வேண்டாம். பேத்தி பஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பஸ்ஸுக்குள் அடுத்த நிறுத்தம் இன்னது என்று ஒரு குரல் சொல்லும் அல்லவா, அந்தக் குரலைச் சீர்செய்து பஸ்களுக்கு அனுப்புவது அவளுடைய வேலை. பாதி நாள் அலுவலகத்தில் இருப்பாள், மீதி நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு அலுவலகம்.

என்னிடம் இப்போது கேட்கப்படுவது இரண்டு விஷயம். பஸ்ஸில் என் குரல் ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசியது என்று அந்தப் பெண்மணி புகார் கொடுத்திருக்கிறார். பேத்தி அதை வேண்டுமென்றே அனுப்பிவிட்டுப் பிறகு தடயத்தை மறைத்தாள் என்று பஸ் கம்பெனி மேலாளர் புகார் கொடுத்திருக்கிறார். முதல் புகாரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. இரண்டாவது நிலைத்தால் பேத்திக்கு இந்த வேலை போவதோடு வேறெந்தக் கம்பெனியும் அவளை ஒரு பொத்தானைக்கூடத் தொட விடாது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். என் ஞாபகத்தில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவரும் நான் உள்ளே வந்தபோது யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். குடையைத் தொலைத்துவிட்டுப் புகார் கொடுக்க வந்திருந்தவர் செருப்பைக் கழற்றி விட்டிருந்த இடம் வரை சொன்னதும் போதும் என்றார்.

பேத்தி வேலை செய்வது லேப்டாப்பில் திறக்கும் ஒரு நோட்புக்கில். பெயர்தான் நோட்புக், தாள் கிடையாது. திரையில் மேலிருந்து கீழாக, ரயில் பெட்டிகளை நிமிர்த்தி வைத்த மாதிரி, கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இயந்திரத்துக்கு ஓர் உத்தரவு எழுதியிருக்கும். கட்டத்தைத் தொட்டு ஓட்டினால் அந்த உத்தரவு நடக்கும். வேண்டாத கட்டத்தை அழித்துவிடாமல் முடக்கியும் வைக்கலாம். முடக்கினால் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும், உள்ளே எழுத்து அப்படியே இருக்கும், ஓட்டினாலும் ஓடாது. கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி, ஆள் இருப்பார், அவரால் காரியம் ஒன்றும் நடக்காது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று மேலாளர் கேட்டார். பேத்திக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யும் பழக்கம் உண்டு. இதை ஓட்டறேன், அதை முடக்கறேன், ஐயோ இது எங்கே போச்சு என்று திரையோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன். காதைப் பொத்திக்கொண்டு பட்டாணி உரிக்க முடியாது.

பஸ்ஸுக்குக் குரல் கொடுக்கும் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அவருடைய பதிவுகள் வரத் தாமதமாயின. இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரல் எடுபடுகிறதா என்று பேத்தி அதற்குள் சோதித்துப் பார்த்தாக வேண்டும். ஆகவே அவள் போனை என் முன்னால் வைத்து, பஸ்ஸில் இருப்பவர்களிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஏதாவது பேசு பாட்டி என்றாள். என்ன பேசுவது என்று கேட்டதற்கு, எதுவானாலும் சரி, இது வெளியே போகாது என்றாள். போகாது என்று சொன்னதால்தான் நான் தாராளமாகப் பேசினேன் என்பதையும், போகும் என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பேசியிருப்பேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

நான் பேசியவற்றில் சில வருமாறு. பஸ் கிளம்பும்போது: "கம்பியைப் பிடிச்சுக்கோங்க. விழுந்தா டிரைவர் தூக்க மாட்டாரு, பக்கத்துல இருக்கறவங்கதான் தூக்கணும், அவங்களுக்கு வேற வேலை இருக்கு." மார்க்கெட் நிறுத்தத்துக்கு: "காலை அகட்டி உக்காந்திருக்கற தம்பி, உங்க வீட்டு சோபாவா இது? சேர்த்து வை. அந்தம்மா பையோட நிக்கறா பாரு." ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு: "நோயாளியைப் பார்க்கப் போறவங்க அவங்க வியாதியை மட்டும் கேட்டுட்டு வாங்க. உங்க வியாதியைச் சொல்லிட்டு வராதீங்க." பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு நான் பேசியதைப் பேத்தியே வேண்டாம் என்று எடுத்துவிட்டாள், அது தலைமை ஆசிரியர் பற்றியது.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்துக்கு நான் பேசியதுதான் புகாரில் உள்ளது. அதை எழுத்துக்கு எழுத்து ஒப்புக்கொள்கிறேன்: "அடுத்தது தண்ணித் தொட்டி. எறங்கினா எதிர்ல பச்சைக் கதவு போட்ட வீடு. அங்க ஒருத்தி இருக்கா. நான் பாடினதைக் கேட்டு, தகர டப்பாவை உருட்டற மாதிரி இருக்குன்னு சொன்னவ. நல்லா இருக்கட்டும்."

இதில் வசவு எங்கே இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கேட்டேன். நல்லா இருக்கட்டும் என்றுதானே முடித்திருக்கிறேன். அதை நீங்கள் சொன்ன விதம் அப்படி என்று அவர் சொன்னார். விதத்துக்கு நான் பொறுப்பல்ல.

புகார் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி. விரோதத்துக்குக் காரணம் கேட்கப்பட்டதால் சொல்கிறேன். என் மகள் பிறந்த புதிதில், உறவுக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் உள்ளறையில் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடினேன். கதவு ஒருக்களித்திருந்தது. ஓரகத்தி கையில் தம்ளரோடு நின்று மேற்படி தகர டப்பாவைச் சொன்னார். தம்ளர் விளிம்பு ஒடுங்கியது, அதில் பால் கால்வாசி மீதி இருந்தது. சிரித்தவர்கள் பெயரை வரிசையாகச் சொல்ல முடியும். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, இருக்கிறவர்களுக்கு இப்போது பல் இல்லை. அதன் பிறகு நான் பாடவில்லை, அவர் வீட்டுப் படி ஏறவில்லை, அவரும் என் வீட்டுப் படி ஏறவில்லை. விசேஷங்களில் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் சுவரைப் பார்த்து நலம் விசாரித்துக்கொள்வோம்.

சம்பவத்துக்கு முந்தின நாள் மத்தியானம், குரல்கார அம்மாவின் பதிவுகள் வந்து சேர்ந்தன. பேத்தி அவற்றை அந்தந்த நிறுத்தத்துக்கு உரிய இடத்தில் வைத்தாள். என் பேச்சுக்கென்று அவள் எழுதியிருந்தது மூன்றாவது கட்டம். எந்த நிறுத்தத்துக்குப் பாட்டி பேசியிருக்கிறாளோ அங்கே பாட்டியின் குரலையே போடு என்பது அதிலிருந்த உத்தரவு. அதற்குக் கீழே உள்ள கட்டங்கள் எல்லாவற்றையும் கோத்து பஸ்களுக்கு அனுப்பும். பேத்தி என் கண் எதிரில் மூன்றாவது கட்டத்தை முடக்கினாள். அது சாம்பல் நிறமாயிற்று. உன்னை முடக்கிட்டேன் பாட்டி என்றாள். உன் தாத்தாவாலேயே முடியாதது என்று நான் சொன்னேன். கட்டம் முடக்கப்பட்டது அப்போதுதான், பஸ் ஓடிய பிறகு அல்ல. இதுதான் இந்த வாக்குமூலத்தில் முக்கியம், இதைத் தடித்த எழுத்தில் எழுதும்படி கேட்டேன். தடித்த எழுத்து வழக்கமில்லை என்று சொன்னதால் இரண்டு முறை சொல்கிறேன். கட்டம் முடக்கப்பட்டது முந்தின நாள் மத்தியானம்.

அதன் பிறகு பேத்தி, இயந்திரத்தை ஒரு தடவை மூடித் திறந்துவிட்டு அனுப்ப வேண்டும் என்றாள். முடக்கியாகிவிட்டதே, அப்புறம் எதற்கு மூடித் திறப்பது என்று நானும் கேட்டேன். கட்டத்தை முடக்கினால் இனிமேல்தான் அது ஓடாது, முன்பு ஓடினபோது இயந்திரத்தின் மண்டையில் ஏற்றினது மண்டையிலேயே இருக்கும், மூடித் திறந்தால்தான் மறக்கும் என்று அவள் விளக்கினாள். எனக்கு அது உடனே புரிந்தது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் சொன்னது சொல்லாததாகிவிடுமா? அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது.

மறந்துவிடும் என்று அவள் சொன்னதால், கீழே இருக்கும் தையல்காரர் மேலே வந்து ஒரு தடவை கேட்கும் வரை மூடாதே என்று நான் சொன்னேன். அவர் ஒரு பேன்ட்டுக்கு அடி மடித்துக்கொண்டிருந்தார், முடித்துவிட்டு வருவதாகக் குரல் கொடுத்திருந்தார். பேத்தி சிரித்துக்கொண்டே சரி என்றாள். இது என் வேண்டுகோள். கேஸ் எழுத வேண்டும் என்றால் இந்த இடத்தில் என் பேரில் எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு தையல்காரர் வந்தார். கட்டம் சாம்பலாக இருக்கும்போதே பேத்தி கீழ்க்கட்டத்தைத் தொட்டாள், என் குரல் வந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஆரம்பித்த சிரிப்பு தண்ணீர்த் தொட்டி வருவதற்குள் அவர் கழுத்தில் இருந்த அளவு நாடா கீழே விழுந்து அவரும் நாற்காலியின் கையில் சாயும் அளவுக்குப் போயிற்று. அப்போதுதான் மேலாளரிடமிருந்து போன் வந்தது.

மேலாளரை நாங்கள் வீட்டில் இஸ்திரி என்று சொல்வோம். சட்டையில் மடிப்புக் கலையாதவர். அவர் போனில் பேசினால் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், ஆகவே அவர் பேசியது முழுவதும் எனக்கும் தையல்காரருக்கும் கேட்டது. பஸ்கள் பணிமனையில் நிற்கின்றன, குரலை உடனே அனுப்பு என்றார். மூடித் திறந்துவிட்டு அனுப்புகிறேன் என்று பேத்தி சொன்னாள். போன தடவை இப்படித்தான் மூடித் திறந்து முக்கால் மத்தியானத்தைத் தின்றாய், எதையும் மூடாதே, இருக்கிறபடி அனுப்பு என்றார். அதன் பிறகு நடந்த பேச்சு அவர்கள் வாய் வார்த்தையாகவே:

"சார், டெஸ்ட் கட்டத்தை முடக்கியிருக்கேன், ஆனா..."

"முடக்கியாச்சுல்ல? அப்புறம் என்ன ஆனா?"

பேத்தி புதிதாகச் சேர்ந்தவள். அந்த ஆனாவை விழுங்கிவிட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீழ்க்கட்டங்களை ஓட்டி அனுப்பினாள். போட்டுக் கேட்டுப் பார்க்க அவளுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. போனை வைத்த பிறகு அவள் செய்த முதல் வேலை இயந்திரத்தை மூடித் திறந்ததுதான். அதனால் என் குரல் அதன் மண்டையிலிருந்து போய்விட்டது. திரையில் மிஞ்சியது ஒரு சாம்பல் கட்டம் மட்டும். இதைத்தான் மேலாளர் பிற்பாடு தடயத்தை மறைத்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை தையல்காரர் கடையைத் திறக்கப் போனவர் திறக்காமல் மேலே ஓடி வந்தார். "பாட்டி, நீங்க ஏழாம் நம்பர்ல பேசறீங்க" என்றார். பேத்தி அதற்குள் அலுவலகம் போயிருந்தாள். நான் சால்வையைப் போட்டுக்கொண்டு தையல்காரருடன் இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் நான் கண்டது என்ன என்று கேட்கப்பட்டது. உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பை வைத்திருந்த பெண்கள் யாரும் நிற்கவில்லை. ஒருவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், அடுத்ததுக்கு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு எறங்கறேன் என்று நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். அந்தக் குரல் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறதோ என்று ஒரு குழந்தை குனிந்து தேடியது. எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண், யாரோ தெரியலைம்மா, எங்க மாமியார் மாதிரியே திட்டறாங்க, ஆனா இவங்க திட்டினா சிரிப்பு வருது என்றார். நான் யார் என்று காட்டிக்கொள்ளவில்லை. தையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். பணிமனையிலிருந்து குரலை நிறுத்தச் சொல்லித் தகவல் வந்தபோது ஓட்டுநர், நான் பஸ் ஓட்டறேன், பேச்சைக் கேட்டுக்கறது அவங்க, நடுவுல நான் எதுக்கு என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினார். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் ஒருத்தரும் என்னோடு சண்டை போடவில்லை என்றும் சொன்னார்.

அதன் பிறகு தண்ணீர்த் தொட்டி நிறுத்தம் வந்தது. குரல் பேசி முடித்ததும் பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் பச்சைக் கதவு பக்கம் திரும்பின. ஓரகத்தி வாசலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒருவர் கையசைத்தார், அதன் பிறகு எல்லோரும் கையசைத்தார்கள். அவர் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் கதவுதான் இருந்தது. அதன் பிறகு தண்ணீர்ப் பூவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, பதிலுக்கு லேசாகக் கையை உயர்த்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயத்தால் அல்ல, சிரிப்பால்.

அன்று முழுவதும் ஒவ்வொரு பஸ்ஸும் அவரைப் பார்த்துக் கையசைத்துப் போயிருக்கிறது. இறங்கின சிலர் நேரே போய், தகர டப்பா அம்மா நீங்கதானா என்று கேட்டிருக்கிறார்கள். இது அவர் புகாரில் உள்ளது. கேட்டவர்களை அவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருக்கிறார் என்பது புகாரில் இல்லை, தையல்காரருக்குத் தெரியும்.

சாயங்காலத்துக்குள் குரலை நிறுத்திவிட்டார்கள். பேத்தி வீட்டுக்கு வந்தபோது லேப்டாப் பை இல்லாமல் தோளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலாளர் நோட்புக்கைத் திறந்து பார்த்து, கட்டம் முடங்கித்தான் கிடக்கிறது, முடங்கின கட்டம் தானாக எழுந்து ஓடாது, நீ எழுப்பி ஓட்டி அனுப்பிவிட்டு மறுபடி முடக்கி வைத்திருக்கிறாய் என்று சொல்லி லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டாராம். அவள் எவ்வளவு விளக்கியும் அவர் கேட்கவில்லை. அவள் அன்று சாப்பிட உட்கார்ந்து, மேசையில் லேப்டாப் இருக்கும் இடத்தைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். வாய்விட்டு எதுவும் பேசவில்லை. பட்டாணி உரிக்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

இன்று காலை எங்களை இங்கே வரச் சொன்னதன் பேரில் வந்தோம். ஓரகத்தி எங்களுக்கு முன்பே வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேலாளர் லேப்டாப்புடன் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அம்மா எல்லோரையும் கேட்டுவிட்டு, முடக்கின கட்டம் பேசுமா பேசாதா என்பதுதானே தகராறு, இங்கேயே பார்த்துவிடலாம் என்றார். நான் தொட்டால் தந்திரம் என்பார்கள், சாரே தொடட்டும் என்று பேத்தி சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல மேலாளர் புதிதாக ஒரு நோட்புக்கைத் திறந்து கட்டங்களை எழுதினார். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசினேன்: "எழுதற தம்பி, பேனா மூடியைக் கடிக்காதே. நாளைக்கு வேற ஒருத்தர் அந்தப் பேனாவை வாங்கிக் கடிக்கணும்ல."

அதன் பிறகு மேலாளர் என் கட்டத்தை ஓட்டி, தம் விரலாலேயே முடக்கினார். சாம்பலாயிற்று. மறுபடி ஓட்டிப் பார்த்தார், ஓடவில்லை. பாருங்க மேடம், நான் சொன்னது இதுதான் என்றார். பேத்தி கீழ்க்கட்டத்தை ஓட்டச் சொன்னாள். ஓட்டினார். பேனா மூடியைப் பற்றி நான் சொன்னது நிலையம் முழுக்கக் கேட்டது. குடையைத் தொலைத்தவர் பெஞ்சில் புரண்டு சிரித்தார். எழுதும் காவலர் வாயிலிருந்து மூடியை எடுத்தார். அதன் பிறகு இயந்திரத்தை மூடித் திறந்து கீழ்க்கட்டத்தை ஓட்டினார்கள். குரல் வரவில்லை. எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். அப்போது ஓரகத்திதான் பேசினார்.

"ஏன் நின்னு போச்சு? நல்லாத்தானே இருந்துச்சு. இன்னொரு தடவை போடுப்பா."

இதை அவர் சொன்ன உடனே எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எழுதப்பட்டது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லியும் கேட்டேன்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அம்மா, போனில் என்ன சொன்னீர்கள் என்று மேலாளரைக் கேட்டார். சரியாக ஞாபகம் இல்லை என்றார். எனக்கு இருந்தது. அவர் மூச்சு விட்ட இடம் உட்பட ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னேன். அப்புறம் என்ன ஆனா என்ற இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்றார். இதற்குள் அவர் போன் நிற்காமல் அடித்தது. எடுத்து வழக்கம்போல் பேசினார், ஆகவே எல்லோருக்கும் கேட்டது. பாட்டியை எங்கே என்று கேட்டு ஏழாம் நம்பர் பயணிகள் பணிமனையில் கூடி நிற்கிறார்களாம், குரல்கார அம்மாவே போன் செய்து, என் தொண்டைக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், பாட்டியே பேசட்டும் என்று சொன்னாராம். மேலாளர் போனை வைத்துவிட்டு ஒரு தாள் கேட்டு வாங்கி, பேத்தியின் மேல் தவறு இல்லை, முடக்குவதும் மறக்க வைப்பதும் வேறு வேறு என்பது தமக்குத் தெரிந்திருக்கவில்லை, புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று தம் கையால் எழுதிக் கொடுத்தார். லேப்டாப்பைப் பேத்தியிடம் நீட்டி, நாளைக்கு ஆபீஸ் வந்துடும்மா, இனிமே நீ ஆனான்னு சொன்னா நான் நிறுத்திக் கேட்கிறேன் என்றார். அவள் அதை மார்போடு அணைத்து வாங்கினாள். அதன் பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நான் முறைத்தேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மிச்சம் இருந்தது ஓரகத்தியின் புகார். அது இருக்கிறதா இல்லையா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்.

"இருக்கு. ஊரு முழுக்க அவ பேசிட்டுப் போவா, நான் வாசல்ல நின்னு கையை ஆட்டிக்கிட்டு இருக்கணுமா? எனக்கும் ஒரு பஸ் வேணும்."

இப்படி ஒரு கோரிக்கை இந்த நிலையத்துக்கு இதுவரை வந்ததில்லை என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார். மேலாளர் யோசித்துவிட்டு, போகிற பஸ்ஸில் மாடிப் பாட்டி, திரும்பி வருகிற பஸ்ஸில் இந்த அம்மா என்று வைத்துக்கொள்ளலாம், யார் பேரையும் வீட்டையும் சொல்லக் கூடாது என்றார். வீட்டைச் சொல்லலாம், சொல்லலைன்னா அப்புறம் யாரு கையை ஆட்டுவா என்று ஓரகத்தி சொன்னார். அவர் சொன்னதில் ஒரே ஒரு தடவை எனக்கும் உடன்பாடு உண்டு, அது இது. எங்கள் இருவர் வீட்டை மட்டும் சொல்லலாம் என்று முடிவாயிற்று. அதன் பேரில் அவர் புகாரை வாபஸ் வாங்கினார்.

இந்த வாக்குமூலம் எழுதப்படும்போதே பேத்தி வெளியே பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரகத்தியைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பழையபடி வாய்விட்டுச் சொல்கிறாள். ஜன்னல் திறந்திருப்பதால் எனக்கு இரண்டு பேர் பேச்சும் கேட்கிறது. மார்க்கெட் நிறுத்தத்தில் தக்காளி பொறுக்குவது எப்படி என்று ஓரகத்தி நிறுத்தம் கடந்து போகும் அளவுக்குப் பேசினார். ஆஸ்பத்திரிக்கு நான் சொன்னதையே வேறு மாதிரிச் சொல்கிறார், அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன். சற்று முன் எங்கள் நிறுத்தத்துக்கு வந்திருக்கிறார். அவர் சொன்னது: "அடுத்தது தையக்கடை முனை. மாடில ஒருத்தி இருக்கா. ஒண்ணையும் மறக்க மாட்டா. நானே ஏறிப் போயிருப்பேன், எனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. அவ எறங்கலாமே. அவளுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு."

முட்டி வலி என்பதை இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கு முட்டி வலியையும் தெரியும், திமிரையும் தெரியும். இது எது என்பதை நேரில் போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும், ஆகவே எழுதுவதை இத்துடன் முடிக்கும்படி கேட்டுக்கொண்டேன். முடிக்குமுன் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி என்றார்கள். வேகமாகப் படிக்கச் சொன்னேன்.

மேலே எழுதியது முழுவதும் நான் சொன்னது, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, எதையும் எடுக்க வேண்டியதில்லை, சேர்க்க வேண்டியது உண்டு, ஆனால் நேரம் இல்லை. அத்தனையும் உண்மை. மைப்பெட்டியை நீட்டினார்கள். கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி நின்றபடியே போட்டேன்.

(கையெழுத்து)
மாடிப் பாட்டி

எழுதியவர் குறிப்பு: கையெழுத்திட்டவர் பேனாவைத் திருப்பித் தராமல் வெளியே போய்விட்டார். பெஞ்சில் மேற்படி ஓரகத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முழங்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேனா பிற்பாடு பெற்றுக்கொள்ளப்படும்.